கடிக்கிற மோட்டாரும் காப்பாற்றுகிற எர்த்தும்



விதை, உரம், பூச்சி மருந்து என்று பேசுகிற ஆள் இன்றைக்குக் கரண்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று நினைக்காதீர்கள். பயிர் பார்க்க எந்தத் தோட்டத்துக்குப் போனாலும், வெயிலுக்கு நான் ஒதுங்குவது மோட்டார் ரூமில்தான். அங்கே கண்ணில் பட்டதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு தோட்டத்தில் நடந்தது. ஊரும் பேரும் வேண்டாம். கிணற்று மேட்டில் 5 எச்.பி. மோனோபிளாக் மோட்டார். இருபது வருஷமாக ஓடுகிறது, ஒரு நாளும் யாருக்கும் ஷாக் அடித்ததில்லை. கிணற்றுக்குள் இறங்கிய இரும்புக் குழாய் துருப்பிடித்துப் போனதால், அதை எடுத்துவிட்டு பி.வி.சி. குழாய் மாட்டினார்கள். மாட்டுத் தொட்டிக்குப் போகிற குழாய் மட்டும் பழைய இரும்பாகவே இருந்தது.

ஐப்பசி மழை பிடித்தது. மோட்டாருக்குத் தண்ணி ஊற்றப் போன வீட்டம்மாவுக்குக் கையில் சுரீர் என்றது. "மோட்டார் கடிக்குதுங்க" என்று சொன்னார்கள். வீட்டுக்காரர் செருப்புப் போட்டுக்கொண்டு தொட்டுப் பார்த்தார். "லேசாத்தான் இருக்குது, மழை ஈரம், காஞ்சா சரியாப் போகும்" என்றார். ஒரு வாரம் அப்படியே ஓடியது. எட்டாம் நாள் தொட்டியில் தண்ணி குடிக்கப் போன சினை எருமை, மூக்கை இரும்புக் குழாயில் வைத்த மாத்திரத்தில் விழுந்தது. எழுந்திருக்கவில்லை.

நான் போனபோது ஊரே கூடி நின்றது. எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். "இத்தனை கரண்டு பாஞ்சிருக்குது, பியூஸ் ஏன் போகலை? எருமை செத்து விழுந்த பிறகும் மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கிட்டேதானே இருந்துச்சு?"

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தெரிந்துகொண்டால் பாதி ஆபத்து விலகிவிடும்.

பியூஸ் யாருக்குக் காவல்?

பியூஸ் என்பது வயருக்கும் மோட்டாருக்கும் காவல். மனிதனுக்கும் மாட்டுக்கும் அது காவல் இல்லை. 5 எச்.பி. மோட்டார் ஓடும்போது ஏழு, எட்டு ஆம்பியர் இழுக்கும். ஸ்டார்ட் ஆகிற நேரத்தில் இதைப்போல் பல மடங்கு இழுக்கும். அதைத் தாங்குவதற்காக 15 ஆம்பியர் அளவில் பியூஸ் கம்பி போடுகிறோம். ஆனால் ஒரு மனிதனின் நெஞ்சுத் துடிப்பைக் குலைக்க ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை. ஈரக் காலோடு நிற்கிற எருமையின் உடம்பு வழியாகப் போன கரண்டு, மோட்டார் இழுப்பதில் ஒரு சின்னப் பங்குதான். பியூஸுக்கு அது தெரியவே தெரியாது.

பியூஸ் கட்டையில் செம்புக் கம்பியை நாலு இழை முறுக்கிப் போட்டிருந்தால், சொல்லவே வேண்டாம். அங்கே காவலே இல்லை.

கரண்டு எங்கே ஓடப் பார்க்கிறது?

தண்ணீர் பள்ளம் பார்த்து ஓடும். கரண்டு, தான் புறப்பட்ட டிரான்ஸ்பார்மருக்குத் திரும்பிப் போகிற வழி பார்த்து ஓடும். டிரான்ஸ்பார்மரின் நியூட்ரலை மண்ணில் புதைத்த கம்பியோடு இணைத்திருக்கிறார்கள். ஆகவே மண்ணும் ஒரு திரும்பும் வழி.

மோட்டாருக்குள் சுருள் கம்பியின் மேல் பூச்சு ஈரத்தாலோ சூட்டாலோ கெட்டுப்போனால், கரண்டு மோட்டாரின் இரும்பு உடம்புக்கு வந்துவிடுகிறது. அங்கிருந்து மண்ணுக்குப் போக வழி தேடுகிறது. நல்ல எர்த் கம்பி இருந்தால் பெரும்பகுதி அந்த வழியாகப் போய்விடும். இல்லாவிட்டால் உடம்பில் தேங்கி நிற்கும். ஈரத் தரையில் நின்றுகொண்டு தொடுகிறவர் யாரோ, அவரே வழியாகிவிடுகிறார்.

அந்தத் தோட்டத்தில் எர்த் கம்பி எப்போதோ அறுந்து போயிருந்தது. யாரும் கவனிக்கவில்லை. ஆனாலும் இருபது வருஷம் ஷாக் அடிக்கவில்லை என்றால் காரணம் அந்த இரும்புக் குழாய். கிணற்றுத் தண்ணீருக்குள் நின்ற குழாய், தானாகவே எர்த் வேலையைச் செய்துகொண்டிருந்தது. பி.வி.சி. குழாயில் கரண்டு போகாது. குழாயை மாற்றிய அன்றைக்கே எர்த்தும் போய்விட்டது.

ஆகவே முதல் பாடம்: இரும்புக் குழாயை எடுத்து பி.வி.சி. அல்லது எச்.டி.பி.இ. குழாய் போட்டவர்கள் எல்லோரும் எர்த்தைப் பார்க்க வேண்டும். குழாய் மாற்றுகிற வேலையில் எர்த் பார்ப்பதும் ஒரு பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எர்த் குழி எப்படிப் போடுவது?

400 வோல்ட் மோட்டாரின் உடம்புக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்பு இருக்க வேண்டும் என்பது 1956-ம் வருஷத்து இந்திய மின்சார விதிகளிலேயே சொல்லப்பட்டது. பின்னால் வந்த மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளும் அதையே சொல்கின்றன. ஒன்று அறுந்தாலும் மற்றொன்று காப்பாற்றும்.

மோட்டார் ரூம் சுவரிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி, இரண்டரை மீட்டர் ஆழத்துக்குக் குறையாமல் குழி எடுங்கள். ஈரம் நிற்கிற இடமாக, வாய்க்கால் ஓரமாக இருந்தால் ரொம்ப நல்லது. 40 மில்லிமீட்டர் ஜி.ஐ. குழாய், இரண்டரை மீட்டர் நீளத்தில், அடிப்பகுதியில் துளை போட்டு நட்டமாக இறக்குங்கள். அதைச் சுற்றி ஒரு அடுக்கு கரித்தூள், ஒரு அடுக்கு உப்பு என்று மாற்றி மாற்றிப் போட்டு நிரப்புங்கள். கரி ஈரத்தைப் பிடித்து வைக்கும். உப்பு, மண்ணில் கரண்டு போகிற வழியை எளிதாக்கும். மேலே ஒரு புனல் வைத்து, சுற்றிச் சின்னதாகச் செங்கல் தொட்டி கட்டி மூடி போடுங்கள்.

இரண்டாவது குழி, முதல் குழியிலிருந்து 5 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் போட்டால் இரண்டு குழி தோண்டிய பலன் கிடைக்காது.

செம்மண் சரளை, பாறை நிலத்தில் ஆழம் கிடைக்காது. அங்கே மோட்டார் ரூம் ஓரமாகத்தான் குழி என்று பிடிவாதம் வேண்டாம். கொஞ்சம் தள்ளி ஈரமும் ஆழமும் உள்ள இடத்தில் போட்டு, கம்பியை மண்ணுக்குள் இழுத்து வரலாம்.

குழியிலிருந்து மோட்டார் வரைக்கும் 8-ம் நம்பர் ஜி.ஐ. கம்பி, நடுவில் முறுக்கு இணைப்பு இல்லாமல் ஒரே கம்பியாக வர வேண்டும். மோட்டாரில் எர்த்துக்கென்றே போல்ட் இருக்கும். அந்த இடத்துப் பெயின்டைச் சுரண்டி, வாஷர் வைத்து இறுக்க வேண்டும். பெயின்ட் மேலேயே கம்பியைச் சுற்றினால் எர்த் இருப்பது போலத் தெரியும், ஆனால் இருக்காது. ஸ்டார்ட்டர் பெட்டி, மெயின் சுவிட்ச் பெட்டி இவை இரும்பாக இருந்தால் அவற்றுக்கும் எர்த் கம்பி போக வேண்டும். எர்த் கம்பியின் குறுக்கே பியூஸோ சுவிட்சோ ஒருநாளும் வரக் கூடாது.

குழி போட்டதோடு வேலை முடிந்துவிடாது. சித்திரை, வைகாசியில் மண் காய்ந்தால் எர்த்தும் காய்ந்துவிடும். கோடையில் வாரம் ஒருமுறை ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். உப்பு இரும்பைத் தின்னும். ஆகவே வருஷம் ஒருமுறை, மழைக்கு முன்னால், கம்பியும் குழாயும் சேருகிற இடம் துருப்பிடித்திருக்கிறதா என்று மூடியைத் திறந்து பாருங்கள்.

பல்பு எரிந்தால் போதுமா?

ஒரு பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் பல்பைப் பிடித்துக் காட்டி, "பாருங்க, பளிச்சுன்னு எரியுது, எர்த் அருமையா இருக்கு" என்று சில பேர் சொல்வார்கள். பல்பு எரிந்தால் எர்த் கம்பி அறுந்துவிடவில்லை என்று அர்த்தம். எர்த் நல்ல எர்த் என்று அர்த்தமில்லை. அந்தப் பல்பு அரை ஆம்பியர்கூட இழுக்காது. அதற்கு மோசமான எர்த்தும் போதும்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பேஸிலிருந்து மண்ணுக்கு 230 வோல்ட். உங்கள் எர்த் காய்ந்துபோய் அதன் தடை 20 ஓம், டிரான்ஸ்பார்மர் பக்கம் 3 ஓம் என்று வையுங்கள். மொத்தம் 23 ஓம். மோட்டார் உடம்புக்குக் கரண்டு வந்தால் மண்ணுக்குள் போவது 10 ஆம்பியர். 15 ஆம்பியர் பியூஸ் இதற்குப் போகாது. மோட்டார் உடம்பில் 200 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும். எர்த் இருந்தும் ஆபத்து!

அதே இடத்தில் இரண்டு நல்ல குழி போட்டு உங்கள் எர்த் 3 ஓமுக்கு வந்து, அந்தப் பக்கம் 2 ஓமாக இருந்தால், மொத்தம் 5 ஓம். போவது 46 ஆம்பியர். பியூஸ் சில விநாடிகளில் எரிந்துவிடும். ஆனால் அந்தச் சில விநாடி மோட்டாரில் கை வைத்திருக்கிறவருக்கு அதுவே அதிகம்.

எர்த் மெக்கர் என்ற கருவியால்தான் இந்த ஓம் கணக்கை அளக்க முடியும். லைசென்ஸ் உள்ள வயர்மேனிடம் கேட்டு அளந்து பாருங்கள்.

கசிவைக் கண்டுபிடிக்கும் சுவிட்ச்

பியூஸ் பார்க்காததைப் பார்க்க ஒரு சுவிட்ச் இருக்கிறது. ஆர்.சி.சி.பி. என்பார்கள். கடையில் பழைய பழக்கத்தில் இ.எல்.சி.பி. என்று கேட்டாலும் எடுத்துத் தருவார்கள்.

வாய்க்கால் உதாரணத்தில் சொல்கிறேன். மடையில் விட்ட தண்ணீர் முழுக்க வயலுக்கு வந்து சேர்ந்தால் கரையில் கசிவு இல்லை. குறைந்தால் எங்கேயோ நண்டு வளை இருக்கிறது. இந்த சுவிட்சும் அப்படித்தான். மோட்டாருக்குப் போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சரியாக இருக்கிறதா என்று எப்போதும் பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர், அதாவது ஒரு ஆம்பியரில் நூறில் மூன்று பங்கு வெளியே கசிந்தாலும் கண் இமைக்கும் நேரத்தில் சப்ளையை வெட்டிவிடும். மேலே சொன்ன காய்ந்த எர்த்தில் போன 10 ஆம்பியர் பியூஸை எரிக்கவில்லை. இந்த சுவிட்சுக்கோ அது மலை போல.

த்ரீ பேஸ் மோட்டாருக்கு நாலு போல் சுவிட்ச் வாங்க வேண்டும். மோட்டார் இழுக்கிற கரண்டைத் தாங்குகிற அளவாக இருக்க வேண்டும். அதில் டெஸ்ட் என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அமுக்குங்கள். விழுந்தால் நல்லது. விழவில்லை என்றால் மாற்றிவிடுங்கள்.

இது வந்ததால் எர்த் வேண்டாம் என்று நினைக்கக் கூடாது. எர்த் இல்லாவிட்டால், யாராவது தொட்ட பிறகுதான் சுவிட்ச் விழும். எர்த் இருந்தால் கசிவு தொடங்கிய உடனே, யாரும் தொடுவதற்கு முன்பே விழுந்துவிடும். பியூஸும் ஓவர்லோடு ரிலேவும்கூட அப்படியே இருக்க வேண்டும். இரண்டு பேஸை ஒருவர் இரண்டு கையால் பிடித்தால் இந்த சுவிட்சும் காப்பாற்றாது.

சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றிவிட்டு நேராக இணைக்கிற பழக்கம் இருக்கிறது. அது, குரைக்கிற நாயை அடித்துத் துரத்திவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்துவிடுவது போல. எங்கே கசிகிறது என்று கேபிளையும் மோட்டாரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நம்மிடம் உள்ள நாலு கெட்ட பழக்கங்கள்

ஒன்று, மோட்டார் ரூம் லைட். ஒரு பேஸும் எர்த்தும் வைத்து பல்பு எரிப்பது. எர்த் கம்பி எங்கேயாவது அறுந்தால், பல்பு வழியாக வந்த கரண்டு முழு வோல்ட்டோடு மோட்டார் உடம்பில் வந்து நிற்கும். பல்பு எரியாது. அதைப் பார்த்து நாம் பல்பு பியூஸ் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு மோட்டாரைத் தொடுவோம்.

இரண்டு, நியூட்ரல் கம்பியை மோட்டார் உடம்பில் கட்டி எர்த் என்று சொல்வது. லைனில் நியூட்ரல் அறுந்தால் உடம்புக்குக் கரண்டு வந்துவிடும்.

மூன்று, ஆட்டோ ஸ்டார்ட்டரை மறந்துவிட்டு வேலை பார்ப்பது. கரண்டு இல்லை என்று ஸ்டார்ட்டரில் கை வைப்போம். த்ரீ பேஸ் வந்ததும் அது தானாகவே ஓடும். செல்போன் ஸ்டார்ட்டரோ, வீட்டில் இருக்கிற பையன் ஒரு பட்டனைத் தட்டினாலே ஓடிவிடும். ஆகவே மெயின் சுவிட்சை நிறுத்தி, மூன்று பியூஸ் கட்டையையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் மோட்டாரில் கை வைக்க வேண்டும். கட்டை உங்கள் பையில் இருக்கிற வரைக்கும் யாராலும் ஓட்ட முடியாது.

நான்கு, நீர்மூழ்கி மோட்டார் ஓடுகிற கிணற்றில் குளிக்க இறங்குவது. கேபிள் ஜாயின்டில் தண்ணீர் புகுந்தால் கிணற்றுத் தண்ணீரிலேயே கரண்டு பரவும். மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பிள்ளைகள் கிணற்றுக்குத்தான் ஓடுவார்கள். முதலில் மெயினை நிறுத்திக் கட்டையைப் பிடுங்குங்கள், பிறகு இறங்கட்டும். ஜாயின்டுக்குச் சாதாரண டேப் சுற்றினால் நிற்காது. தண்ணீர் புகாத ஜாயின்ட் கிட் போட்டுத்தான் இணைக்க வேண்டும்.

சோலார் பம்பு வைத்திருப்பவர்களுக்கு

2019-ல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தில் பல பேர் சோலார் பம்பு போட்டிருக்கிறீர்கள். அதில் லைன் கரண்டு இல்லையே, பயமில்லை என்று எண்ண வேண்டாம். வெயில் இருக்கிற வரைக்கும் பேனலில் பல நூறு வோல்ட் இருக்கும். பேனலையும் மோட்டாரையும் இணைக்கிற டிரைவ் பெட்டிக்குள், சுவிட்சை நிறுத்திய பிறகும் கண்டென்சரில் கரண்டு தங்கியிருக்கும். பெட்டி மேல் எழுதியிருக்கிற நேரம் வரைக்கும் காத்திருக்காமல் திறக்கக் கூடாது. பேனல் சட்டம், டிரைவ் பெட்டி, மோட்டார் எல்லாவற்றுக்கும் எர்த் வேண்டும். இடிதாங்கிக்குத் தனிக் குழி வேண்டும். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் சாதாரண ஆர்.சி.சி.பி. போடக் கூடாது, அங்கே அது சரியாக வேலை செய்யாது. இதெல்லாம் பம்பு மாட்டிய கம்பெனி ஆட்கள் பார்க்க வேண்டிய வேலை. வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலும் கேட்கலாம்.

ஷாக் அடித்துவிட்டால்

பதறிப்போய்க் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், நீங்களும் ஒட்டிக்கொள்வீர்கள். முதலில் மெயினை நிறுத்துங்கள். முடியாவிட்டால் காய்ந்த பலகை மேல் நின்றுகொண்டு காய்ந்த கட்டையால் தள்ளிவிடுங்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சு நடுவில் இரண்டு கையையும் வைத்து, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை வரை அழுத்திக்கொண்டே இருங்கள், வண்டி வருகிற வரைக்கும் விடாதீர்கள். லைன் கம்பி அறுந்து வயலில் கிடந்தால் பக்கத்தில் போகாமல், யாரையும் விடாமல், மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

அந்த எருமை வீட்டுக்காரர் பிறகு இரண்டு குழி போட்டு, சுவிட்சும் மாட்டினார். "இதுக்கு ஆன செலவு எருமை விலையில ஒரு மூலைக்குக் காணாதுங்க" என்று என்னிடம் சொன்னார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "முதல் நாள் கடிச்சப்பவே எங்க வீட்ல சொன்னாங்க, நாந்தான் கேக்கலை" என்றார்.

மோட்டார் லேசாகக் கடிக்கிறது என்றால் அது எச்சரிக்கை. செருப்புப் போட்டுத் தொடுவதும் குச்சியால் சுவிட்ச் போடுவதும் அதற்கு வைத்தியம் இல்லை. அந்த நிமிஷமே நிறுத்துங்கள், கட்டையைப் பிடுங்குங்கள், வயர்மேனைக் கூப்பிடுங்கள். ஒரு நாள் தண்ணீர் பாயாவிட்டால் பயிர் வாடும், மறுநாள் பாய்ச்சினால் நிமிர்ந்துகொள்ளும். போன உயிர் வராது.

இன்று சாயங்காலம் மோட்டார் நிறுத்தப் போகும்போது, தொடாமல், கண்ணால் மட்டும் எர்த் கம்பியைத் தேடிப் பாருங்கள். அது மண்ணுக்குள் போகிறதா, பாதியில் அறுந்து தொங்குகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.